கொயர் மாஸ்டர் ஆக ஆசையா? மதுரைப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் எந்தச் சபையும் ‘பாடகர் குழுவை நடத்த ஆள் தேவை, மாதம் இவ்வளவு சம்பளம்’ என்று விளம்பரம் கொடுப்பதில்லை. பழைய கொயர் மாஸ்டருக்கு உடம்புக்கு முடியாமல் போகும், அல்லது வேலை மாற்றலாகிச் சென்னைக்குப் போய்விடுவார். கிறிஸ்மஸ் நெருங்கிக்கொண்டிருக்கும். அப்போது ஆயர் உங்களைப் பார்த்து, “தம்பி, இந்த வருஷம் நீங்க பாத்துக்கங்களேன்” என்பார். பெரும்பாலானவர்கள் இந்த வேலைக்குள் வருவது இப்படித்தான். அந்த வார்த்தை வருகிற நாளில் உங்களிடம் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையார் பார்ப்பது உங்கள் முதுகை. கைவீச்சு அழகாக இருந்தால் போட்டோ நன்றாக வரும், அவ்வளவுதான். வேலை முழுக்கச் சனிக்கிழமை சாயங்காலப் பயிற்சியிலேயே முடிந்திருக்க வேண்டும். அதனால் இந்தக் கட்டுரையில் கையைப் பற்றிக் கொஞ்சமும் காதைப் பற்றி நிறையவும் இருக்கும்.

எந்தச் சபையில் நிற்கப் போகிறீர்கள்?

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தின் வேர், 1834-இல் இங்கே வந்த அமெரிக்க மதுரை மிஷன். அது காங்கிரிகேஷனல் வழியில், அதாவது ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் புராட்டஸ்டண்ட் மரபில் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்து ஆங்கிலிக்கன் சபைகளில் வேதாகமத்துச் சங்கீதங்களைச் ‘சான்ட்’ செய்கிற, அதாவது ஓதுவது போலப் பாடுகிற பழக்கம் ஊறிப்போயிருப்பது போல இங்கே இல்லை. இங்கே உங்கள் கையில் பாமாலை, கீர்த்தனை என்று இரண்டு வகைப் பாட்டு இருக்கும். பாமாலை மேல்நாட்டு மெட்டு, நாலு குரலுக்கு எழுதப்பட்டது: பெண்களில் மேல் குரல் சோப்ரானோ, கீழ்க் குரல் ஆல்ட்டோ; ஆண்களில் மேல் குரல் டெனார், கீழ்க் குரல் பேஸ். கீர்த்தனைக்கு ராகமும் தாளமும். ஒரே ஆராதனையில் இரண்டும் மாறி மாறி வரும். இரண்டுக்கும் காது வேறு, கை வேறு.

கீர்த்தனை விஷயத்தில் நம் பக்கத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களில் ஈடுபாடு கொண்டு, 1853-இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். சபையில் கீர்த்தனை பாடுவது வழக்கமானதில் அந்தத் தொகுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ‘கீர்த்தனை எல்லாம் கொயருக்கு வேண்டாம், சபையார் பாடிக்கொள்ளட்டும்’ என்று யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

கத்தோலிக்கப் பங்குகளில் கதை வேறு. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்ட பிறகு திருப்பலி தமிழுக்கு வந்தது. சபையார் பாட வேண்டியதைச் சபையாரிடமிருந்து பறிக்காமல் பாடுவதுதான் அங்கே பாடகர் குழுவின் வேலை. வருகைப் பாடல், பதிலுரைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கும். காலத்துக்கு ஏற்ற கட்டுப்பாடுகளும் உண்டு. தவக்காலத்தில் அல்லேலூயா கிடையாது. திருவருகைக் கால ஞாயிறுகளிலும் தவக்கால ஞாயிறுகளிலும் வானவர் கீதம் (‘உன்னதங்களிலே’ என்று தொடங்கும் புகழ்ச்சிப் பாட்டு) கிடையாது. பெரிய வியாழன் திருப்பலியில் வானவர் கீதம் முடிந்ததிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின இரவின் பாஸ்கா திருவிழிப்பில் மறுபடி வானவர் கீதம் தொடங்கும் வரை, கருவிகள் பாட்டைத் தாங்குவதற்கு மட்டும்தான். பல பங்குகளில் அதையும் நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களில் கீபோர்டு இல்லாமல் சுருதி எடுத்துக் கொடுக்கத் தெரியாத கொயர் மாஸ்டர் நட்டாற்றில் நிற்க வேண்டியதுதான். 440 அதிர்வில் ‘ஏ’ கொடுக்கும் ஒரு டியூனிங் ஃபோர்க் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதிலிருந்து எந்தச் சுருதியையும் வாய்க்குள் கண்டுபிடிக்கப் பழகுங்கள்.

மூன்றாவதாக ஒரு மரபும் இருக்கிறது, அதை வெளியூர்க்காரர்கள் சட்டென்று கவனிப்பதில்லை. அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையில் ஒரு முழு வழிபாட்டு முறையையே அமைத்தார். ‘பரட்டை அண்ணன்’ என்றால்தான் பலருக்கும் தெரியும். கர்நாடக இசையும் மேல்நாட்டு இசையும் படித்தவர்கள் வசம் இருக்கின்றன, கிராமத்துச் சபைக்கு அதன் சொந்தப் பாட்டு வேண்டும் என்பது அவர் கட்சி. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமச் சபைகளில் நிற்கப்போகிறவர்கள் இந்தப் பாட்டுகளைக் கற்றுக்கொள்ளாமல் போகக் கூடாது. அங்கே பறையும் தவிலும் உங்களைவிட நன்றாகத் தாளம் வைத்திருக்கும்.

முதல் வேலை: பாடகராக உட்காருங்கள்

நாலைந்து பண்டிகைகளாவது ஒரு குழுவில் பாடாமல் முன்னால் போய் நிற்காதீர்கள். உங்கள் குரல் எதுவோ அந்தப் பகுதியில் முதலில் பாடுங்கள். பிறகு பக்கத்துப் பகுதிக்கு மாறுங்கள். சோப்ரானோ பாடுகிற பெண்கள் ஒரு வருஷம் ஆல்ட்டோ பாடிப் பாருங்கள். எல்லா வருஷமும் மெட்டையே பாடினவர்களுக்கு, அடியில் இருப்பவர்கள் படும் பாடு தெரியாது. ஆண்களில் டெனார் பாட முடிந்தவர்கள் குறைவு. பேஸ் பாடிக்கொண்டே டெனார் வரியை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

கூடவே ஆர்கனிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் திருப்பிக் கொடுங்கள். பாட்டுக்கு முன்னால் எவ்வளவு வாசிக்கிறார், சபையார் இழுக்கும்போது என்ன செய்கிறார், ஆயர் ஜெபத்தை நீட்டினால் எப்படிச் சமாளிக்கிறார் என்பதையெல்லாம் எந்தப் புத்தகமும் சொல்லித் தராது.

முன்னால் நிற்க முதல் வாய்ப்பு பெரும்பாலும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வழியாகத்தான் வரும். குறைவாக எண்ணாதீர்கள். பிள்ளைகள் உங்கள் கையை அப்படியே நம்புவார்கள். நீங்கள் தப்பாகக் காட்டினால் தப்பாகவே பாடுவார்கள். உங்கள் கை உண்மையில் என்ன சொல்கிறது என்பதை அவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் கூட்டம் வேறு கிடைக்காது. பிள்ளைகள் பயிற்சியில் எப்போதும் இன்னொரு பெரியவர் அறையில் இருக்க வேண்டும், முடிந்ததும் பெற்றோரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். இந்த இரண்டையும் முதல் நாளிலேயே பழக்கமாக்கிவிடுங்கள்.

எதைப் படிப்பது, எங்கே படிப்பது

பியானோவோ கீபோர்டோ தெரியாமல் இந்த வேலை நடக்காது. மேடைக் கச்சேரி வாசிக்கிற அளவு வேண்டாம். நாலு வரியில் எந்த இரண்டு வரியையும் சேர்த்து வாசிக்கத் தெரிந்தால் போதும். அதற்கு டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுகளில் ஐந்தாம் கிரேடு வரை பியானோவும் தியரியும் நல்ல அளவுகோல். தேர்வு எட்டாம் கிரேடு வரை போகும், அதற்கு மேல் டிப்ளமாக்களும் உண்டு. பள்ளியில் மியூசிக் டீச்சர் வேலைக்குப் போக நினைத்தால் எட்டாம் கிரேடு சான்றிதழ் உதவும். ஆனால் சான்றிதழுக்காக மூன்றே மூன்று பாட்டை வருஷம் முழுக்கத் தட்டுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறதே, அதைவிட வாரம் ஒரு பாமாலையைப் பார்த்தவுடன் வாசித்துப் பழகுவது எனக்கு மேலாகத் தெரிகிறது.

மறுபக்கம், குறைந்தபட்சம் வர்ணம் வரை கர்நாடக சங்கீதம் படியுங்கள். மதுரையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. தனியாகச் சொல்லித் தருகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்பது கீழே புரியும்.

பெரிய குழுக்கள் எப்படிப் பயிற்சி செய்கின்றன என்று பார்க்கச் சென்னைக்குப் போய் வாருங்கள். மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-இல் தொடங்கியது, அதன் பாடகர் குழு இன்றும் பாடுகிறது. கச்சேரியைவிட, அனுமதி கேட்டு ஒரு பயிற்சியைப் பார்க்க முடிந்தால் அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

கை

நாலு எண்ணிக்கைக்குக் கீழே, இடது, வலது, மேலே. மூன்றுக்குக் கீழே, வலது, மேலே. இரண்டுக்குக் கீழே, மேலே. ஆறு-எட்டுத் தாளம் (6/8) வேகமாக இருந்தால் இரண்டாகவே காட்டுங்கள். இவ்வளவையும் ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம். கஷ்டம் இதற்கு முன்னால் வருகிற ஒரு எண்ணிக்கையில் இருக்கிறது. பாட்டு தொடங்குவதற்கு முந்தைய எண்ணிக்கையில் நீங்கள் மூச்சு இழுப்பது குழுவுக்குத் தெரிய வேண்டும். அந்த மூச்சிலேயே வேகம், சத்தம், பாவம் மூன்றும் இருக்க வேண்டும். ‘ஒன் டூ த்ரீ’ என்று வாயால் எண்ணித் தொடங்கும் பழக்கத்தை முதல் மாதமே விட்டுவிடுங்கள்.

வலது கை தாளம், இடது கை மற்றதெல்லாம். இரண்டும் ஒன்றையே செய்துகொண்டிருந்தால் ஒரு கை வீண். போனை எதிரே வைத்துப் பயிற்சியைப் பதிவு செய்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். உங்கள் கையை மட்டும் பார்த்து எந்த இடத்தில் மெதுவாகப் பாடச் சொல்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியவில்லையென்றால் குழுவுக்கும் தெரியாது.

ஆமெனில் ஆரம்பியுங்கள்

நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவர் குழுவில் இரண்டு பேர் இருந்தால் பாக்கியம். மற்றவர்கள் கேட்டுப் பாடுகிறவர்கள். அவர்களுக்கு நாலு குரலை எப்படிச் சொல்லித் தருவது? நம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல வழி இருக்கிறது: சுரம். மேல்நாட்டு ‘டோ ரே மி’யை எந்தச் சுருதியிலும் வைத்துப் பாடும் டானிக் சொல்ஃபா முறையும், நாம் எந்தச் சுருதியிலும் ‘ச’ வைப்பதும் அடிப்படையில் ஒன்றே. சரளி வரிசை தெரிந்த ஒருவரால் ஆல்ட்டோ வரியைச் சுரமாக எழுதிக் கொடுத்தால் பாட முடியும்.

முதல் பயிற்சிக்குப் பெரிய பாட்டை எடுத்துப் போகாதீர்கள். பாமாலையின் கடைசியில் வரும் ‘ஆமென்’ போதும். அதில் இரண்டே சேர்க்கைதான் (சேர்க்கை என்பது நாலு குரலும் ஒரே நேரத்தில் பாடும் சுரங்களின் கூட்டம், ‘கார்டு’). சோப்ரானோவுக்கு ச, ச. ஆல்ட்டோவுக்கு த, ப. டெனாருக்கு ம, க. பேஸுக்கு ம, கீழ் ச. எல்லாம் சங்கராபரண சுரங்கள்.

பேஸை முதலில் பாட வையுங்கள். ம-விலிருந்து கீழ் ச-வுக்கு இறங்குவது நாலு படித் தாவல். ஆண்கள் தடாலென்று விழுவார்கள், விழுந்த இடம் ச-வுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். ‘இறங்காதீங்க, போய் நில்லுங்க’ என்று சொல்லுங்கள், சரியாகும். அடுத்து அதன் மேல் சோப்ரானோ. ஒரே சுரத்தில் நிற்பதுதானே, எளிது என்று நினைப்பீர்கள். ஆனால் இரண்டாவது ச முதலாவதைவிடக் கொஞ்சம் தணிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். இரண்டாவதைக் கொஞ்சம் மேலே நினைத்துப் பாடச் சொன்னால் சமமாக வரும். பிறகு டெனார். ம-விலிருந்து க அரை சுரம்தான். தேவைக்கு மேல் இறங்கிவிடுவார்கள், அந்த க மங்கிப்போனால் முழுச் சேர்க்கையும் சோர்ந்துவிடும். கடைசியில் ஆல்ட்டோ. தனியாகப் பாடும்போது த, ப சரியாக வரும். எல்லோரும் சேர்ந்தவுடன் பாதிப் பேர் சோப்ரானோவின் ச-வுக்கு ஏறிவிடுவார்கள். அதற்கு மருந்து, ஆல்ட்டோவையும் பேஸையும் மட்டும் சேர்த்து இரண்டு தடவை பாட வைப்பது. பேஸோடு நிற்கத் தெரிந்துவிட்டால் சோப்ரானோ இழுத்தாலும் அசைய மாட்டார்கள்.

இந்த இரண்டு சேர்க்கையைச் சரியாக ஒலிக்க வைக்க அரை மணி நேரம் ஆகலாம். ஆகட்டும். அதற்குள் குழுவில் யாருக்கு எந்தக் குறை என்பது உங்களுக்குப் புரிந்துவிடும். நாலு குரலும் ஒருமுறை சரியாகச் சேரும்போது அறையில் ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டவர்கள் அடுத்த சனிக்கிழமை நேரத்துக்கு வந்துவிடுவார்கள்.

‘மெ’ குறில், ஆனால் நீட்டிப் பாடினால் ‘ஆமேன்’ ஆகத்தான் செய்யும். அதைப் பிடித்துக்கொண்டு யாரோடும் சண்டைக்குப் போக வேண்டாம். தமிழ்ச் சபைகள் அதற்கு எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டன.

ஒன்றரை மணி நேரப் பயிற்சியில் முதல் பத்து நிமிடம் குரலைத் தயார் செய்ய. உதட்டை ‘ப்ர்ர்’ என்று அதிரவிட்டு ஏறி இறங்குவது, வாயை மூடி முனகுவது, அவ்வளவு போதும். பிறகு உடனே கஷ்டமான பாட்டு. தெரிந்த பாட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போகும்போது வாயில் அது ஓடட்டும். ஒவ்வொரு பகுதியையும் நீங்களே பாடிப் பதிவு செய்து திங்கள்கிழமையே வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வருவார்கள். ஒரு பகுதிக்குச் சொல்லித் தரும்போது மற்ற மூன்று பகுதிகளைச் சும்மா உட்காரவிடாதீர்கள், வாயை மூடித் தங்கள் வரியை முனகச் சொல்லுங்கள். பயிற்சி அறைகளில் பேச்சுச் சத்தம் வருவதற்குப் பாதிக் காரணம், கொயர் மாஸ்டர் ஒரு பக்கமே திரும்பி நிற்பதுதான்.

கீர்த்தனையை என்ன செய்வது

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

மோகனத்தில் ஒரு கீர்த்தனை இருக்கிறது என்று வையுங்கள். ச ரி க ப த, ஐந்தே சுரம். மேல்நாட்டு முறையில் படித்தவர் உடனே அதற்கு மேஜர் ஸ்கேலின் முதல், நாலாவது, ஐந்தாவது சுரங்களின் மேல் மூன்று சேர்க்கைகளைப் போடுவார். முதல் சேர்க்கை ச-க-ப, பிரச்சினையில்லை. நாலாவது ம-த-ச, அங்கே ம வந்துவிட்டது. ஐந்தாவது ப-நி-ரி, அங்கே நி. மோகனத்தில் இரண்டும் கிடையாது. கேட்கிற பெரியவர்களுக்கு ‘என்னமோ இங்கிலீஷ் பாட்டு மாதிரி இருக்கே’ என்று தோன்றுவது இதனால்தான். ராகத்துக்குள்ளேயே நிற்க வேண்டுமானால் ச-க-ப இருக்கிறது, த-ச-க இருக்கிறது. பேஸை ச-விலும் ப-விலும் தம்பூரா போல நிறுத்திவிட்டு, ஆல்ட்டோவை மெட்டுக்குக் கீழே அதே ராகத்தின் சுரங்களில் நடக்க விடலாம். இன்னொரு வழி, ஆண்கள் நாலு எண்ணிக்கை தள்ளி அதே வரியைத் தொடங்குவது. ஐந்து சுர ராகங்களில் இப்படிப் பின்தொடர்ந்து பாடினால் பெரும்பாலும் முட்டாது.

சங்கராபரணம் மேஜர் ஸ்கேல்தான், கீரவாணி ஹார்மோனிக் மைனர்தான். அங்கே சேர்க்கை போடுவது எளிது. மாயாமாளவகௌளை, ஆனந்தபைரவி மாதிரியான ராகங்களில் நாலு குரல் எழுதுவதை முதல் சில வருஷங்களுக்கு ஒத்திப்போடுங்கள். ஒற்றைக் குரலில் எல்லோரும் ஒன்றாகப் பாடினாலே கம்பீரமாக இருக்கும்.

கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, தனிப் பிரச்சினை. முப்பது பேர் ஒரே மாதிரி அசைக்க முடியாது. பல்லவியைக் குழு நேர்ச் சுரமாகப் பாடட்டும், சரணத்தை நன்றாகப் பாடும் ஒருவரிடமோ இருவரிடமோ விட்டுவிடுங்கள், அவர்கள் அசைத்துக்கொள்ளட்டும்.

தாளம். ஆதி என்றால் எட்டு, இரண்டு நாலாகக் காட்டலாம். ரூபகத்தை மூன்றாக. மிஸ்ர சாபு ஏழு, மூன்றும் நாலும். கீர்த்தனைகளில் பல, தாளம் விழுந்த பிறகு அரை இடம் தள்ளி எடுப்பவை. நீங்கள் வழக்கம்போல் கையை இறக்கினால் பாதிப் பேர் சமத்திலேயே, தாளத்தின் முதல் தட்டிலேயே, தொடங்கிவிடுவார்கள். சமத்தில் சின்னதாக, அழுத்தமில்லாமல் கையைத் தட்டி, அந்த இடத்திலேயே மூச்சு வாங்கச் சொல்லுங்கள். எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், தானாக அரை இடம் தள்ளி வரும். நான் இன்னும் ஒரு படி போவேன்: கீர்த்தனைக்கு மேல்நாட்டுக் கை வேண்டாம், தொடை உயரத்தில் தாளமே போடுங்கள். அறுபது வயது அம்மாமார்கள் முகத்தில் உடனே வெளிச்சம் வரும். மிருதங்கமோ தபலாவோ இருந்தால் வாசிப்பவர் பின்னால் நீங்கள் போங்கள், அவரை உங்கள் பின்னால் இழுக்காதீர்கள்.

சொல் சிதையாமல்

மொழிபெயர்த்து வந்த பாமாலைகளில் மெட்டு முதலில் வந்தது, தமிழ் பிறகு வந்தது. அதனால் குறில் மேல் நீண்ட சுரம் உட்கார்ந்திருக்கும். ‘சிலுவை’யின் முதல் எழுத்தில் நாலு எண்ணிக்கை நின்றால் ‘சீலுவை’ என்று கேட்கும். சபையாருக்குப் பழகிய பாட்டில் கை வைக்காதீர்கள். குழு தனியாகப் பாடும் பாட்டில் மாற்றலாம்: ‘சிலு’ இரண்டையும் முன்னால் சேர்த்துச் சொல்லிவிட்டு ‘வை’யில் நில்லுங்கள். அது நெடில், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தாங்கும்.

தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் உயிரிலோ ம், ன், ல், ள், ர் என்ற மெய்யிலோ முடியும். எல்லாம் முனகக்கூடிய ஒலிகள். வரி முடிவில் இடது கையைச் சுழித்து மூடும்போது அந்த மெய் எல்லோர் வாயிலும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். அதுவரை உயிரிலேயே நிற்கட்டும். நம்மவர்கள் ‘ம்’முக்கு முன்கூட்டியே போய் வாயை மூடிவிடுவார்கள், பாட்டு திடீரென்று போர்வைக்குள் போன மாதிரி ஆகிவிடும். ல, ள, ழ பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்களைக் கையாளுவது

குழுவில் உங்களைவிட இரண்டு மடங்கு வயதானவர்கள் இருப்பார்கள். “தம்பி, நாங்க முப்பது வருஷமா இப்படித்தான் பாடுறோம்” என்பது நிச்சயம் உங்கள் காதில் விழும். பதில் வாதம் வேண்டாம். “சரிங்கய்யா, இந்த ரெண்டு மெஷர் மட்டும் புக்குல இருக்கிற மாதிரி ஒரு தடவ பாத்துருவோமா?” போதும். ஆளைத் திருத்தாதீர்கள், பகுதியைத் திருத்துங்கள். ஒருவர்தான் தப்பு என்று தெரிந்தாலும் “டெனார் எல்லாரும் இன்னொரு தடவ” என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்குத் தானாகத் தெரியும்.

சோலோ யாருக்கு என்பது சபையைப் பிளக்கும் கேள்வி. குரலைக் கேட்டு முடிவு செய்யுங்கள், ஆனால் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். கமிட்டி அங்கத்தினரின் மகள், ஆயர் வீட்டு உறவு என்று சிபாரிசு வரும்போது காட்டுவதற்கு ஒரு பட்டியல் கையில் இருக்கும்.

ஆர்கனிஸ்ட்டோடு பகைத்துக்கொண்டு எந்தக் கொயர் மாஸ்டரும் நிலைத்ததாக நான் பார்த்ததில்லை. பாட்டுப் பட்டியலை வாரத் தொடக்கத்திலேயே அவருக்குக் கொடுங்கள். அவரிடம் நீங்கள் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கலாம்: கீபோர்டில் இருக்கும் தானியங்கி ரிதம் பட்டனைப் பாமாலைக்குத் தொடாமல் இருப்பது.

வருஷக் கணக்கு

கிறிஸ்மஸிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அட்வெந்து (திருவருகைக் காலம்) முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவே வரும். கேரல் ஆராதனை டிசம்பர் நடுவில். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு அதே டிசம்பரில். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், சாயங்கால மழையில் பாதிப் பேர் வர மாட்டார்கள். ஆகவே கேரல் பாட்டுகளைக் காலாண்டு விடுமுறையிலேயே கையில் எடுத்து, நவம்பர் கடைசிக்குள் மனப்பாடம் செய்துவிட வேண்டும். டிசம்பரை மெருகூட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிட்டால் தெருவில் கத்திக் குரல் போய்விடும், அதற்குப் பிறகு புதிதாக எதையும் ஏற்ற முடியாது.

லெந்து காலம் (தவக்காலம்) பொதுத்தேர்வுக் காலம். பெரிய வெள்ளி மும்மணி நேர ஆராதனைக்குப் பெரியவர்களை மட்டுமே நம்பித் திட்டமிடுங்கள். ஈஸ்டர் தள்ளி ஏப்ரல் இரண்டாம் பாதியில் விழுந்தால் சித்திரைத் திருவிழாவும் சேர்ந்துகொள்ளலாம். அழகர் ஆற்றில் இறங்குகிற நாளையொட்டிக் கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. ஆற்றுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையுமாக வீடு இருக்கும் குழுவுக்குப் பயிற்சி நாளை முன்கூட்டியே மாற்றி வையுங்கள்.

கட்டடமும் சுருதியும்

புதிய இடத்துக்குப் போனால் முதலில் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். மானாமதுரைக்குப் பக்கத்தில் இடைக்காட்டூரில் 1894-இல் கட்டிய கோதிக் ஆலயம் மாதிரி உயரமான வளைவுக் கூரை என்றால் சத்தம் சுற்றும். வேகத்தைக் குறைத்து, வரிகளுக்கிடையே இடம் விட்டுப் பாட வேண்டும். கான்கிரீட் தளமும் திறந்த ஜன்னலுமாக இருக்கும் புறநகர்ச் சபையில் அதே வேகம் தூங்கிவிடும். மின்விசிறிக்கு நேர் கீழே குழுவை நிறுத்தாதீர்கள், தாளும் பறக்கும், ஒருவருக்கொருவர் கேட்காது. மைக் இரண்டு போதும், ஆளுக்கொன்று வேண்டாம்.

சபையார் சேர்ந்து பாடும் பாட்டு, நடு ‘சி’க்கு ஒரு ஸ்தாயி மேலே இருக்கும் ‘சி’யை அடுத்து வரும் ‘டி’க்கு மேல் போகக் கூடாது. பழைய புத்தகங்களில் ‘ஈ’, ‘எஃப்’ வரை போகும். ஒரு சுரமோ ஒன்றரைச் சுரமோ இறக்குங்கள். அதிகாலை ஆராதனைக்கு இன்னும் அரை சுரம்.

பணம்

சபையில் கிடைப்பது பெரும்பாலும் மரியாதைத் தொகை, பெட்ரோல் செலவு, பண்டிகைக்குத் துணி. எனக்குத் தெரிந்து இங்கே இதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்துகிறவர் யாரும் இல்லை. வாழ்க்கை ஓடுவது மற்றவற்றால்: மெட்ரிக் அல்லது சி.பி.எஸ்.இ. பள்ளியில் மியூசிக் டீச்சர் வேலை, வீட்டில் கீபோர்டும் குரலும் சொல்லிக்கொடுப்பது, திருமணங்களுக்குக் குழு அழைத்துப் போவது. கடைசியாகச் சொன்னது லெந்து காலத்தில் நின்றுவிடும், அதைக் கணக்கில் வையுங்கள்.

பொறுப்பேற்கும் முன் மூன்று விஷயங்களைக் கமிட்டியில் பேசி எழுத்தில் வாங்குங்கள்: உங்களுக்குத் தொகை உண்டா, எவ்வளவு; புத்தகம், நகல், கீபோர்டு பழுது ஆகியவற்றுக்குச் செலவு யாருடையது; பாட்டுத் தேர்வில் கடைசி வார்த்தை ஆயருடையதா உங்களுடையதா. ‘ஊழியம்தானே’ என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே “ஆமாங்கய்யா, அதனாலதான் தெளிவா இருக்கணும்னு கேக்குறேன்” என்று சொல்லுங்கள்.

திருமணத்துக்கு முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள். மணப்பெண் நுழைவதற்கு எந்தப் பாட்டு, யார் சைகை கொடுப்பது என்பதை முந்தின நாளே இரண்டு வீட்டாரிடமும் பேசி வையுங்கள். சினிமா மெட்டைக் கேட்டால் ஆயரைக் கேட்கச் சொல்லி அனுப்பிவிடுவது உத்தமம்.

நோட்ஸ், நகல், பதிவு

இந்தியாவில் இசைப் படைப்புக்கான காப்புரிமை, ஆசிரியர் வாழ்நாளும் அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும். ஆலயத்தில் சமயச் சடங்கின் பகுதியாகப் பாடுவதற்குச் சட்டம் விலக்கு தருகிறது. ஆனால் ஒரு புத்தகம் வாங்கி நாற்பது நகல் எடுப்பதும், புதிய பாட்டைப் பாடி யூடியூபில் ஏற்றுவதும் அந்த விலக்குக்குள் வராது. உயிரோடிருக்கும் தமிழ்ப் பாடலாசிரியர் என்றால் நேரில் கேட்டு, ஒரு வரி எழுதி வாங்குங்கள். முறையாகக் கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகவே தருவார்கள். உரிமைக்காலம் முடிந்த மேல்நாட்டுக் கோரஸ்கள் சிபிடிஎல், ஐஎம்எஸ்எல்பி தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் அவற்றை உங்கள் குழுவின் குரலுக்கு இறக்கி, தமிழ்ச் சொல்லைச் சுரத்துக்குக் கீழே போட்டு அச்செடுத்துக்கொள்ளலாம். ஆண்கள் மூன்று பேர்தான் என்றால் டெனாரையும் பேஸையும் ஒரே வரியாக்கி மூன்று குரலாகவே எழுதுங்கள்.

அச்செடுத்த ஒவ்வொரு தாளிலும் எண் போட்டு, யாரிடம் எது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பண்டிகை முடிந்த மறுவாரமே திரும்ப வாங்கி, பாட்டுக்கு ஒரு கோப்பாகப் போட்டுச் சபை அலமாரியில் வையுங்கள். சுருதி என்ன, எத்தனை சரணம் பாடினீர்கள், எங்கே மூச்சு என்பதைக் கோப்பின் முதல் தாளிலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். அலமாரிச் சாவி ஒன்று உங்களிடமும் இன்னொன்று ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளையிடமும் இருக்கட்டும்.